பங்கு வைத்த டயர்

உனக்கும், உன் அறையில் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கும் வாப்பாவின் ஸலாம். இங்கு எல்லோரும் சுகம் என்று எழுதிப் பழகிய கை இது. இந்தத் தடவை அந்த வரியை எழுத மனசு வரவில்லை. உன் தங்கை ஜன்னத், தன் மகளையும் ஒரு துணிப்பையையும் தூக்கிக்கொண்டு வந்து நம் வீட்டில் உட்கார்ந்திருக்கிறாள். 'அவன் வீட்டில் நீ இருந்தால் நான் உனக்கு அண்ணன் இல்லை' என்று நீ போனில் சொன்ன மறுநாள் வந்தவள், இன்னும் போகவில்லை. புருஷன் அடித்தான், சோறு போடவில்லை என்று ஒரு பெண் தாய்வீடு வந்தால் ஊருக்குப் புரியும். அண்ணன் சொன்னான் என்று வந்து உட்கார்ந்திருப்பவளைப் பார்த்து ஊர் என்ன பேசும்? அடுத்த மாதம் நீ லீவில் வருகிறாய். வந்ததும் ஜமாஅத்தில் சொல்லி இதற்கு ஒரு முடிவு கட்டப் போவதாக உன் கூட்டாளியிடம் சொன்னாயாம். அது என் காதுக்கு வந்துவிட்டது. நீ முடிவு கட்டுவதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால், காதர் என்று உன் மச்சான் பேரை எடுத்ததுமே கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது, கிழிக்கலாம். முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நான் எழுதப் போவது டயரைப் பற்றி. ஷார்ஜாவில் டயர் கடையில் வேலை பார்க்கிறவனுக்கு, தென்காசியில் ஜவுளிக்கடையில் ஆயுசைக் கழித்தவன் டயர் பாடம் நடத்துவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற கதைதான். இருந்தாலும் கேள். உனக்குத் தெரிந்த தொழிலில் உனக்குத் தெரியாத ஒரு சங்கதி இருக்கிறது. அது இந்த வீட்டில் நடந்தது.

நீ முதல் தடவை லீவில் வந்தது நினைவிருக்கிறதா? பெட்டியை நடுவீட்டில் வைத்துக் கயிற்றை அறுத்தோம். உள்ளே புலிப் படம் போட்ட கம்பளி ஒன்று இருந்தது. உம்மாவுக்கென்று வாங்கி வந்திருந்தாய். அப்போதுதான் கல்யாணமாகிச் செங்கோட்டைக்குப் போயிருந்த ஜன்னத், அந்தப் புலியின் காதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அண்ணன் உன்னிடம், "நல்லாருக்கு காக்கா" என்றாள். அவ்வளவுதான். சாப்பிடாமலே பஸ் ஏறிவிட்டாள். நீ கவனிக்கவே இல்லை. நானும்தான். ஆம்பிளைகள் இதையெல்லாம் எங்கே கவனிக்கிறோம்! உன் உம்மா கவனித்திருக்கிறாள். மறுநாள் நான் கடைக்குக் கிளம்பும்போது கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கடைக்குக் கொண்டு போயி இதை நடுவுல வெட்டிக் கொண்டாங்க."

"ஏட்டி, உனக்குக் கிறுக்கா? புலியை யாராவது வெட்டுவானா?"

"வெட்டுங்க. தலை அவளுக்கு, வாலு நமக்கு."

வெட்டி, ஓரம் அடித்துக் கொண்டுவந்து கொடுத்தேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். ஆனால் அதற்குப் பிறகு ஒரு பெட்டியிலும் நீ ஒற்றையாக எதையும் அனுப்பியதில்லை. டார்ச் லைட் இரண்டு, இஸ்திரிப் பெட்டி இரண்டு, சென்ட் பாட்டில் இரண்டு, பால் பவுடர் டப்பா இரண்டு. பெட்டி வந்த அன்றே உம்மா பிரித்துவிடுவாள். வலது பக்கம் வைத்தது ஜன்னத்துக்கு, இடது பக்கம் வைத்தது நமக்கு. எது யாருக்கு என்று நீயும் எழுதி அனுப்பியதில்லை, உம்மாவும் கேட்டதில்லை. இரண்டு வந்தால் ஆளுக்கொன்று. அது இந்த வீட்டின் சட்டம். அந்தச் சட்டத்தைப் போட்டவன் நீ, நடத்தியவள் உம்மா. உங்கள் இரண்டு பேரையும் பார்த்து எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. அண்ணன் தங்கைக்குள் ஒரு கைக்குட்டைக்குக்கூடச் சண்டை வராத வீடு என்று கடையில் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

போன லீவில் நீ நம் காரைக் குனிந்து பார்த்துவிட்டு, "வாப்பா, பின்னால டயர் ரெண்டும் தேஞ்சு மொட்டையாக் கெடக்கு. இதை வச்சிக்கிட்டா சாரல்ல ஓட்டுதிய? நான் அனுப்புதேன், இங்கன வாங்காதிய" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான் அதை மறந்துபோனேன். நோன்புப் பெருநாள் கழிந்து கார்கோ வண்டி வந்து வாசலில் நின்றது. நீலத் தார்ப்பாயில் சுற்றிய இரண்டு டயரை உருட்டி இறக்கினார்கள். நீ மஞ்சள் பெயிண்ட் பேனாவால் 'தென்காசி' என்று இரண்டு டயரிலும் எழுதியிருந்தாய். உம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். இரண்டையும் தொட்டுப் பார்த்தாள். என்ன சொல்லியிருப்பாள் என்று உனக்கு நான் எழுத வேண்டுமா?

"ஒண்ணு நமக்கு, ஒண்ணு ஜன்னத்துக்கு."

காதரிடமும் நம்முடையது போலவே அதே வண்டி இருந்தது. நம்மைப் பார்த்துத்தான் வாங்கினான். அவன் டயரும் நம்முடையது போலத் தேய்ந்துதான் இருந்தது. "காருக்கு நாலு சக்கரம் இருக்கே, ரெண்டையும் நாமளே போட்டுக்கிட்டா என்ன?" என்று கேட்டேன். உனக்கு அவள் குணம் தெரியும். "ஒரு கண்ணுல வெண்ணெய், ஒரு கண்ணுல சுண்ணாம்பா? எம்பிள்ளை என்னைக்காவது நமக்குன்னு மட்டும் ரெண்டு அனுப்பிருக்கானா?" என்றாள். இல்லை, அனுப்பியதில்லை. அளவு ஒன்றாக இருந்தால் டயர் ஓடும் என்றுதான் நானும் நினைத்தேன். எனக்குத் தெரிந்தது துணி. துணியை எங்கே வெட்டினாலும் ஓரம் அடித்துச் சரிபண்ணிவிடலாம்.

டயரைப் பற்றித் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். நீ ஜமாஅத்தில் சொல்லி யாரை உன் தங்கையிடமிருந்து பிரிக்கப் போகிறாயோ அவன்தான். டயர் கடைக்கு இரண்டு வண்டியும் போயிருந்தன. உம்மாவும் வந்திருந்தாள், தன் கண்முன்னால் மாட்ட வேண்டும் என்று. காதர் அவளிடம் மெதுவாகச் சொன்னான். "மாமி, டயரை இப்படிப் பிரிக்கக் கூடாது. பின்னால ரெண்டும் ஒண்ணு போல இருக்கணும். ஒண்ணுல பட்டன் நல்லா இருந்து, ஒண்ணு மொட்டையா இருந்தா மழையில வண்டி ஒரு பக்கமாத் திருகிரும். ரெண்டையும் உங்க வண்டியிலயே போடுங்க. நான் பொறவு வாங்கிக்கிடுதேன்." உம்மாவின் முகம் வாடிவிட்டது. "உங்க மச்சான் அனுப்புன பொருளை வேண்டாங்கியளா மருமவனே? ஜன்னத்துக்குன்னு அவன் அனுப்புனதை நான் எப்படி வச்சிக்கிட முடியும்?" என்று கேட்டாள். அவன் என்னைப் பார்த்தான். நான், "அளவு ஒண்ணுதானே காதர், ஓடத்தானே செய்யும்" என்றேன். நம் ஆட்களில் பங்கை வேண்டாம் என்று சொல்வது உறவை வேண்டாம் என்று சொல்வது போல. அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. "சரி மாமி, போடுதேன். ஜோடியை அடுத்த மாசம் மாத்திக்கிடுதேன்" என்றான். இரண்டு வண்டியிலும் பின்னால் இடது பக்கம் புது டயர், வலது பக்கம் பழைய மொட்டை. அன்று சாயங்காலம் நீ போனில், டயர் மாட்டியாச்சா என்று கேட்டாய். "மாட்டியாச்சுப்பா, வண்டி ராசா மாதிரி போகுது" என்று உம்மா சொன்னாள். பிரித்ததைச் சொல்லவில்லை. எப்போதும் செய்கிற வேலையை யார் போய்ச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்? சொல்லியிருந்தால் நீ அந்த நிமிஷமே கத்தியிருப்பாய். அதை நான் எத்தனையோ தடவை நினைத்துவிட்டேன்.

அடுத்த மாதம் வருவதற்குள் சாரல் வந்துவிட்டது. உம்மா செங்கோட்டைக்குப் போயிருந்தாள். பேத்திக்கு அருவி பார்க்க வேண்டும் என்று அடம். காதர் எல்லோரையும் ஐந்தருவிக்குக் கூட்டிப் போனான். நம் ஊர்ச் சாரல் உனக்குத் தெரியும். வெயிலும் அடிக்கும், தூறலும் விழும், ரோட்டில் தண்ணீர் நிற்பதே கண்ணுக்குத் தெரியாது. திரும்பும்போது, மங்குஸ்தான் பழம் வாங்குவதற்காக எவனோ வெளியூர்க்காரன் காரை நடுரோட்டிலேயே நிறுத்தியிருந்தான். காதர் பிரேக்கை மிதித்தான். இடது டயர் ரோட்டைப் பிடித்தது, வலது டயர் தண்ணீரில் வழுக்கியது. வண்டி இடது பக்கம் திருகிக்கொண்டு போய் ஒரு மருதமரத்தில் மோதியது. உம்மா உட்கார்ந்திருந்த பக்கம். தென்காசிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. பின்சீட்டில் இருந்த ஜன்னத் இன்றைக்கும் சொல்கிறாள்: "வேகமே இல்ல வாப்பா. நான் பாப்பாவுக்குப் பழம் உரிச்சிக் குடுத்துக்கிட்டு வந்தேன். மடியில இருந்த தோலு கூட அதுவரைக்கும் கீழ விழல." நீ அவளிடம் ஒரு தடவையாவது இதைக் கேட்டாயா?

உனக்குக் கோபம் வந்தது நியாயம். டிக்கெட் கிடைத்து நீ வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிடும் என்று நான்தான் உன்னை வர வேண்டாம் என்றேன். பெற்றவள் கபுரில் ஒரு பிடி மண் போட உனக்குக் கிடைக்கவில்லை. அந்த வயிற்றெரிச்சல் எங்காவது போய் விழுந்தாக வேண்டும். காதர் மேல் விழுந்தது. அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் கைக்கட்டோடு உட்கார்ந்து அவன் உன்னோடு போனில் பேசியதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன். "எம்மேலதான் தப்பு மச்சான். நான்தான் சரியாப் பார்த்து ஓட்டல" என்றான். போலீசிலும் அதையே சொன்னான். நீயும் நம்பினாய், ஊரும் நம்பியது. பொய் சொல்ல வேண்டாம், நானும் கொஞ்ச நாள் நம்பினேன்.

கேஸ் விஷயமாக ஒரு கையெழுத்துப் போட நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தபோது அந்த வண்டி வேப்பமரத்தடியில் நின்றது. முன்பக்கம் பார்க்கச் சகிக்கவில்லை, பின்பக்கமாகப் போய் நின்றேன். இடது டயரில் உன் கையெழுத்து. மழையில் நனைந்தும் பாதி அழியாமல் 'தென்காசி' என்று இருந்தது. வலது டயரில் கையை வைத்தேன். தோசைக்கல் மாதிரி வழவழவென்று இருந்தது. காதர் கடையில் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அப்போது என் காதில் திரும்ப விழுந்தது. நேரே செங்கோட்டைக்குப் போனேன். "ஏன்ப்பா, டயரை ஏன் சொல்லல?" என்று கேட்டேன். அவன் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"டயரைச் சொன்னா ரெண்டு பேரைச் சொல்லணும் மாமா. அனுப்புனவுக ஒருத்தர், பிரிச்சவுக ஒருத்தர். பிரிச்சவுக மௌத்தாயிட்டாவ. அவுக மேல நான் பழி போடவா? அனுப்புனவரு அங்க ரூம்ல ஒத்தையில கெடக்காரு. நான் அனுப்புன டயராலதான் உம்மா போனாவன்னு தெரிஞ்சா அந்த மனுஷன் என்ன ஆவாரு? நான் இங்கன நாலு பேருக்கு நடுவுல இருக்கேன். என்னைய ஏசிட்டுப் போகட்டும்."

"ஜன்னத் போயிட்டாளே, அதுக்கு என்ன சொல்லுத?"

"அவ காக்காவை விட்டுற முடியாது மாமா. எனக்குத் தெரியும். அவளை ஏசாதிய."

கேட்டுக்கொண்டாயா? வேகக்காரன், கொலைகாரன் என்று நீ யாரை ஏசினாயோ, அவன்தான் இவன். உன்னைக் காப்பாற்றுவதற்காக உன்னிடமே ஏச்சு வாங்கிக்கொண்டிருக்கிறான். இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தான், நான் கொடுக்கவில்லை. அவன் நல்லவனாக இருக்கலாம். அதற்காக என் மகள் வாழாவெட்டியாக என் வீட்டில் உட்கார முடியாது. உனக்கு வலிக்கும் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். நீ ஆம்பிளை, உன் மூன்று வயது மருமகளைவிட உன்னால் தாங்க முடியும். அந்தப் பிள்ளை தினமும் அசர் தொழுகைக்குப் பிறகு வாசலில் நின்று, கார் சத்தம் கேட்டால் தகப்பன் வந்துவிட்டான் என்று "அத்தா" என்கிறது.

உன்மேல் தப்பு என்று நான் சொல்லவில்லை. வாப்பா மழையில் வழுக்கி விழுந்துவிடக் கூடாது என்று நினைத்து, உன் கையால் பொறுக்கி எடுத்து, கடல் தாண்டி அனுப்பினாய். உம்மா மேலும் தப்பு சொல்ல எனக்கு நாக்கு வராது. இரண்டு பிள்ளைக்கும் சமமாக வைத்த கை அது. அந்த நியாயமே அவளைக் கொன்றுவிட்டது என்பதை எழுதவே எனக்குப் பதறுகிறது. ஆனால் நடந்தது அதுதான். நீ எல்லாவற்றையும் ஆளுக்கொன்று என்று இரண்டாக அனுப்பினாய். ஒரே ஒரு தடவை ஜோடி என்று நினைத்து இரண்டு அனுப்பினாய். அந்த வித்தியாசம் உனக்கும் காதருக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது. நாங்கள் வழக்கம்போலப் பங்கு வைத்தோம்.

இன்னொன்றும் கேள். நம் வண்டியிலும் அதே கோளாறு இருந்ததே, அது எனக்கு உறைக்க எத்தனை நாள் ஆனது தெரியுமா? அவளை அடக்கம் பண்ண மையவாடிக்கு நான் அந்த வண்டியில்தான் போனேன். இடது பக்கம் புதுசு, வலது பக்கம் மொட்டை, தூறல் வேறு. ஏழாம் நாள் பாத்திஹாவுக்கு ஆட்களை ஏற்றி இறக்கியதும் அதே வண்டிதான். அந்தப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு குற்றாலம் ரோட்டில் ஓட்டியிருக்கிறேன். அல்லாஹ் எங்களை விட்டு வைத்தான். ஏன் அவளை விட்டு வைக்கவில்லை என்று கேட்க எனக்கு உரிமை இல்லை, ஆனாலும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஸ்டேஷனில் அந்த டயரைப் பார்த்த பிறகுதான் நம் வண்டியை டயர் கடைக்குக் கொண்டு போனேன். இப்போது நாலும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே நாளில் மாட்டியது. கழற்றிய உன் டயரைக் கடைக்காரரிடம் விடவில்லை. போலீசில் வண்டியைத் திரும்பக் கொடுத்தபோது காதரிடம் இருந்ததையும் வாங்கி வந்துவிட்டேன். இரண்டும் கொல்லையில் அதே நீலத் தார்ப்பாய்க்கு அடியில், நீ கட்டி அனுப்பியது போலவே சேர்ந்து கிடக்கின்றன. என்ன செய்வது என்று தெரியவில்லை. நீ வந்து சொல்.

எனக்கு வயதாகிவிட்டது. வலது கண்ணில் புரை விழுந்திருக்கிறது, எதிர் வண்டியின் வெளிச்சம் பூவாக விரிகிறது. ஆரியங்காவு மலை வளைவுகளில் என்னால் இனி ஓட்ட முடியாது. உன்னைக் கூப்பிடத் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு யார் வருவது என்று யோசித்தேன். வாடகை வண்டி பிடிக்கலாம். பிடிக்கவில்லை. காதரைக் கேட்டேன். அன்றைக்குப் பிறகு அவன் ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. மாட்டேன் என்றான். திரும்பத் திரும்பக் கேட்டேன், கடைசியில் "உங்க கண்ணுக்காக வாரேன் மாமா" என்றான். நம் வண்டியில்தான் வருவோம். அவன் ஓட்டுவான். நானும் ஜன்னத்தும் பிள்ளையும் பின்னால் இருப்போம். ஊருக்கு வருகிறவன் முன்சீட்டில் உட்காருவதுதான் நம் வழக்கம், உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உன் உம்மா கடைசியாக உட்கார்ந்ததும் அவன் பக்கத்தில், அந்த இடத்தில்தான்.

நீ அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டாம். அவனும் கேட்க மாட்டான். வழியெல்லாம் பேசாமல் வந்தாலும் சரி. திருவனந்தபுரத்திலிருந்து வந்தால் செங்கோட்டைதான் முதலில் வரும், தென்காசி அப்புறம். ஜன்னத்தின் துணிப்பையை டிக்கியில் வைத்துத்தான் கொண்டு வருவேன். நீ முன்னால் உட்கார்ந்தால் வண்டி செங்கோட்டையில் காதர் வீட்டு வாசலில் நிற்கும், அவள் பிள்ளையோடு இறங்கிக்கொள்வாள். நீ பின்னால் வந்து ஏறினால் நான் முன்னால் மாறிக்கொள்கிறேன், வண்டி நிற்காமல் தென்காசிக்கு வந்துவிடும். காதரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். சரி மாமா என்றான். ஜன்னத் உன்னிடம் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். பெட்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, நீ எந்தக் கதவில் கை வைக்கிறாய் என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

உன் வாப்பா.